மயில்செடிக்குக் கொடுத்த இடம்

மயில்செடியின் இலை சுருண்டால் எல்லோரும் முதலில் தண்ணீரைத்தான் ஊற்றுவார்கள். அது தவறு, ஐயா. முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். பிஷ்கெக்கில் பூக்கடையில் வேலை பார்க்கிறவள் நான். குளிர்காலம் வந்துவிட்டால் பாதிப் பேர் சுருண்ட இலையைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு வந்து நிற்பார்கள்.

என் செடியைக் கடையில் குப்பையில் போடப் பார்த்தார்கள். நான்தான் வீட்டுக்கு எடுத்துவந்து, வெளிச்சத்துக்காகப் பால்கனிக் கதவோரம் வைத்தேன். டிசம்பரில் அதன் இலைகள் சுருட்டு போல நீளவாக்கில் சுருளத் தொடங்கின. மண்ணில் ஈரம் இருந்தது. இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினேன், பூச்சி எதுவும் விழவில்லை. குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கொதித்து ஆறியதை ஊற்றினேன். அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் கணப்பு நம் சொல் கேட்காது, கூட்டவோ குறைக்கவோ முடியாது, உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். காற்று காய்ந்துவிடக் கூடாதென்று அதன்மேல் ஈரத்துண்டும் போட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை.

அதே அறையில்தான் என் மாமனார் இருந்தார். பெயர் கேட்கிறீர்கள். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது, ஐயா. அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான் மரியாதை தெரியாதவள் இல்லை.

பக்கவாதம் வந்து படுத்தவர். என் கணவர் எமில்பெக் கட்டட வேலைக்கு ரஷ்யா போயிருந்தார், வசந்தத்தில்தான் திரும்புவார். மாமனாரைத் தோரில் படுக்கவைத்திருந்தோம். வாசலுக்கு எதிர்ச்சுவர், கணப்பின் பக்கம், பெரியவருக்கு உரிய இடம். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அருவருப்புதான். கோணிய வாயிலிருந்து எச்சில் கழுத்து மடிப்பில் இறங்கித் தயிர் போலக் காயும். ஆட்டுக்கொழுப்பு மிதக்கும் சூப்பை ஊட்டினால் பாதி என் மணிக்கட்டுக்கே திரும்பி வரும். மூத்திர நாற்றம் திரைச்சீலையில் ஏறி, ரொட்டியில் ஏறி, என் தலைமுடியில் ஏறியது. கடையில் ரோஜாவை முகர்ந்தாலும் அவர்தான் வருவார்.

அதனால் பால்கனிக் கதவைத் திறந்துவைப்பேன். ஒருநாள் அப்படித் திறந்துவிட்டுத் திரும்பும்போது செடியின் புதுத்தளிர் நடுங்குவதைப் பார்த்தேன். குளிர்காற்று. இது எனக்கு முதல்நாளே தெரிந்திருக்க வேண்டும். காற்று ஆளைக் கொன்றுவிடும் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் ஊரில் பிள்ளை வளர்ப்பார்கள். செடிக்கும் அது ஆகாது என்று யோசிக்கவே இல்லை.

கதவை மூடினால் நாற்றம், திறந்தால் செடி போகும். மயில்செடிக்கு அதிக வெளிச்சம் தேவையில்லை. ஆகவே இடத்தை மாற்றினேன். செடியைத் தோரில் வைத்தேன். மாமனாரை மெத்தையோடு இழுத்துக் கதவோரம் கொண்டுவந்தேன்.

பக்கத்து வீட்டு சய்ரகான் அக்கா எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகளோடு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி இது கூத்து? பூச்சட்டிய தோர்ல ஏத்திட்டு மாமனார பால்கனிக் கதவுக்குக் காவலாப் போட்டிருக்க? நாளைக்கு அதுக்கு டீயும் ஊத்திக் குடுப்பியோ?"

"அவருக்குக் காத்து வேணும்க்கா. மூச்சு முட்டுது."

அக்கா உள்ளே வந்து அவர் அருகில் உட்கார்ந்து கையைத் தொட்டார். "காத்தா? ஜனவரில மனுஷன் செத்துருவாண்டி. இங்க பாரு, கை பனிக்கட்டியா இருக்கு."

"நான் கேட்டுட்டுத்தான்க்கா பண்றேன். வேணா நீங்களே பாருங்க." அவர் பக்கம் குனிந்தேன். "மாமா, குளிருதா?"

"இல்ல."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அடிப்பாவி. வாதம் வந்ததுலேர்ந்து அந்த மனுஷனுக்கு வர்றது அந்த ஒரு வார்த்தைதானே. உயிரோட இருக்கீங்களான்னு கேளு, அதுக்கும் இல்லன்னுதான் சொல்லுவாரு."

எழுந்து போய்க் கதவை மூடினார். அவர் படியிறங்கியதும் நான் திறந்தேன்.

ஒவ்வொரு முறையும் கேட்டேன், ஐயா. கதவை மூடவா, மாமா? இல்லை. போர்வை வேண்டுமா? இல்லை. ஒருவர் வேண்டாம் என்னும்போது வற்புறுத்துவது எனக்குப் பிடிக்காது. போர்வை நனைந்தால் உருவிவிடுவேன். வேறொன்று போர்த்தவில்லை, அதுவும் நாறும். அவர் என் பாவாடை நுனியை நல்ல கையால் பிடித்துக்கொள்வார். விரல்கள் பிசுபிசுவென்றிருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போய் சோப்புப் போட்டுக் கழுவுவேன்.

செடி தேறியது. சுருள் பிரிந்து, இலையில் மயில்தோகைக் கோலம் மறுபடி தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் அவருக்கு நெஞ்சில் கரகரவென்று சத்தம் வந்தது. மருத்துவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் முதலில் கதவை மூடச் சொல்வார். பனி கொட்டிய ஒரு காலையில் கதவை அகலத் திறந்து, செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். கொல்ல நினைத்தாயா என்று மூன்றாம் தடவை கேட்கிறீர்கள். திரும்பி வரும்போது அவர் இருக்க மாட்டார் என்று தெரியும். தெரிந்துதான் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது அவர் தாடியில் பனி உருகாமல் கிடந்தது. அறையில் எந்த நாற்றமும் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

எமில்பெக் விமானத்தில் வந்தார். குடியிருப்பு முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் வாசற்கதவைத் திறந்துபோட்டுப் போக, செடி மறுபடி சுருள ஆரம்பித்தது. நான் சால்வையை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டு அதன் அருகில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து எமில்பெக் என் தலையைத் தடவிக்கொடுத்தார். சால்வை எதன்மேல் கிடக்கிறது என்று சய்ரகான் அக்காதான் பார்த்தார். பார்த்துவிட்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறார்.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டீர்களாம், பால்கனிக் கதவைச் சாத்தினார்களா என்று யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அது வாயில்லா ஜீவன், ஐயா. அதைக் குளிரில் தனியாக விட எனக்கு மனசு வராது.