காசிலிங்கத்தின் நாற்காலி

புதுச்சேரியில் உப்பு ஜாடியை யாரும் திறந்து வைப்பதில்லை, ஐயா. கடல் காற்றில் ஒரே நாளில் கசிந்துவிடும். எங்கள் தொழிலிலும் அதுதான் தொல்லை. இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நாங்கள் செய்தது, சிறிய செயற்கைக்கோள்களில் வைக்கும் காமா கதிர் உணர்கருவி. அதன் உயிர் ஒருவகை உப்புப் படிகம். கதிர் பட்டால் மினுக்கும். அந்த மினுக்கலை எண்ணுவோம். ஈரம் பட்டால் மஞ்சளாகிக் கெட்டுவிடும்.

அந்தப் படிகத்துக்கான உறையை ஏழு வருடம் உழைத்து வடிவமைத்தவன் நான். 1985இல் காசிலிங்கம் சேர்ந்தான். வைத்திக்குப்பத்துக்காரன், கெட்டிக்காரன். மூன்றாம் மாதமே, பெங்களூரிலிருந்து வந்த அதிகாரிகள் முன்னால், "இது தாங்காதுண்ணே, ராக்கெட் ஆட்டத்துல விரிசல் வுட்டுடும்" என்றான். சோதனையில் விரிசல் விட்டது. அவன் வரைந்த உறையை எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் எனக்கு இனிப்பு கொண்டுவந்தான். தின்றேன்.

கருவிகளைச் சோதிக்க எங்களிடம் காமா கதிர் வீசும் வீரியமான சீசியம் இருந்தது. கடுகளவுதான், எஃகுக் குப்பிக்குள். ஈயப் பெட்டியில் பூட்டி வைப்போம். சாவி என்னிடம்.

அடுத்த வருடம் ஜூனில் காசிலிங்கத்தின் கருவி தாறுமாறாக எண்ணத் தொடங்கியது. பகலெல்லாம் நாற்காலியை விட்டு எழாமல் பிரித்துப் பிரித்துப் பார்த்தான்.

"சீசியம் எங்கனா வெளிய கெடக்குதாண்ணே?"

"பெட்டியிலதான் இருக்கு. ஜன்னல் வெளிச்சம் உள்ள பூருது, பாரு."

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி ஒட்டினான். எண்ணிக்கை குறையவில்லை. கருவியை என் அறைக்குத் தூக்கி வந்தான்.

"இங்க சரியா இருக்குதேண்ணே."

"இங்க ஜன்னல் இல்லியே" என்றேன்.

நம்பினான். பிறகு வாந்தி, தொடையில் கொப்புளம், ஈறில் ரத்தம். அவன் மனைவி ரஞ்சிதம் வந்து நின்றாள். "சூட்டுக் கொப்புளம்னு டாக்டர் சொல்றாருண்ணே. பத்து நாள் லீவு குடுங்க." கருவி அனுப்பும் தேதி நெருங்குகிறது என்று சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பரில் இறந்தான். குப்பியை அதற்கு முன்பே எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டேன்.

நாற்காலிப் பஞ்சுக்குள் அதை வைத்துத் தைத்தது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் பதினோரு வாரம் அந்தக் கருவி அவனுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது, ஐயா. தன் கருவியை நம்பாதவனுக்கு நான் என்ன செய்ய முடியும்?