அதிபரைக் கூட்டிப்போக வந்தவர்

— அந்த டீயைத் தொடாதீங்கம்மா. சத்தியமா சொல்றேன், அதுல என்ன கலந்திருக்கோ.

— முதல் கிளாஸையே ஒதுக்கினா இந்த ஊர்ல பெரிய அவமரியாதை, யாரெட். பேசாம குடி.

— செல்போனை வாசல்லயே பிடுங்கிட்டாங்க. நம்ம விமானத்தைச் சுத்தி ரெண்டு பீரங்கி வண்டி. சத்தியமா, தலைமையகத்துல உக்காந்தே இன்னொரு கண்டன அறிக்கை விட்டிருக்கலாம்.

— நாலு நாளா அதைத்தானே விட்டோம்? ராணுவம் அடைச்சு வச்ச அதிபரை இன்னும் அடைச்சேதான் வச்சிருக்காங்க. நாப்பது நாடு சேர்ந்த கூட்டமைப்புக்கு ஆணையத் தலைவின்னு என்னை உக்கார வச்சாங்களே, படையா கொடுத்தாங்க? ஒரு பேனா, ஒரு முத்திரை. நேர்ல வந்து நின்னாலாவது மதிப்பாங்கன்னுதான் வந்தேன்.

— வந்து இவ்வளவு நேரமாச்சு, யாரும் எட்டிக்கூடப் பாக்கலயேம்மா.

— வர்றாங்க. பூட்ஸ் சத்தம் கேக்குது, வாயை மூடு.

— மன்னிக்கணும் அம்மையாரே, ரொம்ப நேரம் காக்க வச்சுட்டேன். நான் கர்னல் சிதிக்கி. பாருங்க, ஒரே ஒரு காகிதம்தான். அதிபர் தானா விரும்பிப் பதவி விலகினார்னு சாட்சிக் கையெழுத்து. போட்டீங்கன்னா அவரை உங்க விமானத்துலயே ஏத்தி அனுப்பிடுவோம்.

— முதல்ல நான் அவரைப் பாக்கணும், கர்னல்.

— பாருங்க, கையெழுத்துக்கு அப்புறம்தான் அதெல்லாம்.

— போட்டுடுங்கம்மா! அவரும் பிழைச்சுக்குவார், நாமளும் வீடு போய்ச் சேருவோம். என் பொண்ணுக்கு ஆறு மாசம்தாம்மா ஆகுது.

— தெரியும்ப்பா. ஆனா இன்னிக்கு நான் போட்டா, நாளைக்கு துப்பாக்கி வச்சிருக்கிறவன் எல்லாம் இதே காகிதத்தை நீட்டுவான். மாட்டேன், கர்னல். நான் கெய்துமெட்ஸேங்கிற தனி ஆளா இங்க வரல. நாப்பது நாட்டு ஆளா வந்திருக்கேன். என் மேல கை வச்சா அத்தனை பேருக்கும் நீங்க பதில் சொல்லணும்.

— பாருங்க, எங்க தளபதியும் காலையில அதையேதான் யோசிச்சார். அதான் அத்தனை பேருக்கும் போன் போட்டுக் கேட்டோம்.

— என்ன சொன்னாங்க?

— மத்தியானமே கூடி, உங்க நாற்காலிக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்க. இப்ப நீங்க சாதாரணப் பயணி. எங்க நாட்டுக்குள்ள வர விசா வாங்கியிருக்கீங்களா, அம்மையாரே?