மார்லிஸ் தோர்சன் பேசாத ஒன்பது ஆண்டுகள்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மார்லிஸின் கணவர் வெர்னன் அவர்களே, இந்தக் குளிரிலும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தை நிறைத்திருக்கும் டுலூத் நகர உளவியலாளர்களே!

என் பெயர் டுவைட் நீமி. மறைந்த டாக்டர் மார்லிஸ் தோர்சனைப் புகழ இங்கே எத்தனையோ பேர் உண்டு. அவரைத் தூற்றித் திரிந்தவன் பேச வேண்டாமா?

பத்தாண்டுகளுக்கு முன், நான் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு தகப்பனை, பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவர் என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தேன். உரிம வாரியம் தண்டித்தது. ஒன்றரை ஆண்டு இன்னொரு உளவியலாளரின் மேற்பார்வையில்தான் தொழில். பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்குகளைத் தொடவே கூடாது. என்னை மேற்பார்வையிட யார் முன்வந்தார்கள்? ஏழு பேர் கைவிரித்தார்கள். மார்லிஸ் மட்டும் சம்மதித்தார்!

எட்டாம் மாதம் என் சந்திப்பு ஏட்டைப் புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"டுவைட், வியாழக்கிழமை மூணு மணிக்கு யாரு இது?"

"சும்மா, தெரிஞ்சவர்."

"தெரிஞ்சவருக்கு எதுக்குங்க வழக்கு எண்?"

மறுபடியும் அதே வகை வழக்கு! கெஞ்சினேன். பிறகு சீறினேன்.

"நீங்க எனக்குத் துணைக்கு வந்தீங்களா, வேவு பார்க்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான். அதான் எனக்குத் தூக்கமே வரல. நீங்க தேறணும்னுதான் வந்தேன். ஆனா உங்க முன்னாடி வந்து உக்கார்றவங்களைத்தான் நான் முதல்ல பார்க்கணும்."

வாரியத்துக்கு அறிக்கையை அனுப்பும் முன் எனக்கே படித்துக் காட்டினார். கடைசியில் இப்படி இருந்தது: "இரண்டு மாதம் ஏட்டைப் பார்க்காமல் இவர் சொல்லை நம்பியது என் தவறு." யாரும் கேட்காமல் எழுதியது! என் உரிமம் ஓராண்டு நின்றது. அவருக்கும் கண்டனம் வந்தது. அறிக்கையில் இருந்ததோ வெளியே யாருக்கும் தெரியாது.

நான் என்ன செய்தேன்? "அந்தம்மாவே கண்டனம் வாங்குனவங்கதானே! என்னை மாட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தாங்க" என்று சங்க விருந்துகளில் சொல்லித் திரிந்தேன். நீங்கள் நம்பினீர்கள். அவரிடம் பயிற்சிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தினீர்கள். ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் மேற்பார்வையில் அறிந்ததை வெளியே சொல்லலாகாது. என்னைக் காக்கும் அந்த விதியை, நான் தூற்றியபோதும் அவர் மீறவில்லை. ஒன்பது ஆண்டுகள்! கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

போன வாரம் வெர்னனிடம் போய்ச் சொன்னேன்.

"அவ உயிரோட இருக்கறப்ப வந்திருக்கலாமேப்பா" என்றார்.



நண்பர்களே, மேற்பார்வையாளர் பட்டியலில் அவர் இடம் காலியாக இருக்கிறது. அதில் அமர எனக்குத் தகுதி கிடையாது. உங்களில் ஒருவர் அமருங்கள். என்னைப் போன்றவர்கள் வருவார்கள், பொய் சொல்வார்கள், அப்போதும் கைவிரிக்காதீர்கள். தண்டனை பெற்று வரும் ஒவ்வொருவரிடமும், என் பெயரைச் சொல்லியே, இதை நான் சொல்வேன். இன்று உங்களிடம் தொடங்குகிறேன்: மார்லிஸ் எழுதியது அத்தனையும் உண்மை. பொய் சொன்னவன் நான்.