நடுவில் சுவர் இல்லாத பரண்

தும்மல்மா. இந்த வீட்டுல நான் கேட்ட மொத சத்தமே உங்கப்பாவோட தும்மல்தான். சிரிக்காத ஜூடித், நிஜமாத்தான் சொல்றேன். கல்யாணமாகி இங்க குடிவந்த மறுநாள் காலைல, படுக்கையறைல துணி மடிச்சிட்டிருக்கேன், தலைக்கு மேல, பரண்ல, ஒரு ஆம்பள தும்முறான். எங்க வீட்டுக்காரர் கிளிஃப் என்னடான்னா கீழ முட்டை பொரிச்சிட்டிருக்காரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவர் ஏணி போட்டு, டார்ச்சோட பரணுக்குள்ள தலைய நீட்டினா, உங்க வீட்டுப் பரண் கதவு வழியா உங்கப்பாவும் தலைய நீட்டிக்கிட்டு, என்ன, புதுசா வந்தவங்களா, டீ ஆச்சாங்கறாரு.

நம்ம தெரு வீடுங்கள அப்படித்தானே கட்டியிருக்கான். கீழ வீட்டுக்கு வீடு இத்தாம்பெரிய கல்சுவரு. மேல பரண்ல மட்டும் ஒண்ணும் கிடையாது, தெருவுக்கே ஒரே கூரை, ஒரே குகை. மத்தவங்க அவங்கவங்க பக்கம் அடைச்சிக்கிட்டாங்க. நம்ம ரெண்டு வீட்டுக்கு நடுவுலதான் யாருக்கும் அடைக்கத் தோணல. உங்கப்பா அங்க குட்டி ரயில் விட்டாரே, அந்தத் தண்டவாளம் வளர்ந்து வளர்ந்து எங்க பக்கமே வந்துடுச்சு. கிளிஃப் சாக்பீஸால கோடு கிழிச்சு, இதத் தாண்டினா பாஸ்போர்ட் காட்டணும் வால்டர்னாரு. உங்கப்பா சும்மா இருப்பாரா? கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷனே கட்டி, அதுக்கு டோரீன்னு என் பேரையும் எழுதி வச்சிட்டாரு. சமைச்சுக் கொட்டுறது நானு, ஸ்டேஷன் மட்டும் அவளுக்கான்னு உங்கம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் முறைப்பாங்க.

கேக் வெட்டட்டுமா? எதுக்கும்மா இதெல்லாம் வாங்கிட்டு வந்த? பூ வேற. இல்லல்ல, நன்றின்னு மட்டும் சொல்லாத. வேணாம்மா.

ஆமா, புது அறையத்தான் பார்க்கணும்ன இல்ல? டீய முடி, கூட்டிட்டுப் போறேன். ஏணி இல்ல, இப்ப நல்ல படிக்கட்டே இருக்கு. அந்தப் படிக்கட்டுக்காகத் துண்டு காயப்போடுற அலமாரிய எடுக்க வேண்டியதாப்போச்சு. எங்க பையன் ஸ்டூவர்ட் பெண்டாட்டிய விட்டுட்டு ஒரு பெட்டியும் கம்ப்யூட்டருமா வந்து நின்னான். சனிக்கிழமையானா பிள்ளைங்க வேற வரும். இருக்கறது ரெண்டே அறை, எங்க படுக்க வைக்கிறது? அப்பத்தான் பரண அறையாக்கிடலாம்னு முடிவு பண்ணினோம். ராத்திரி சாப்பாடு முடிஞ்சா இதே மேஜைல வரைபடம்தான். படி எங்க, கட்டில் எங்க, கூரைல ஜன்னல் குன்று பக்கமா, தெரு பக்கமா. மேஸ்திரி கோலின் வந்து டேப்ப நீட்டிப் பார்த்துட்டு, நடுவுல நடந்தா தலை தப்பும், ஓரமாப் போகணும்னா தவழ்ந்துதான் போகணும்னான்.

கவுன்சில்லருந்து ஒரு இன்ஸ்பெக்டரும் வந்தாரு. பரண்ல ஆள் படுக்கணும்னா நடுச்சுவர ஓடு வரைக்கும் எழுப்பியே ஆகணும், ஒரு வீட்டுல தீ பிடிச்சா மறு வீட்டுக்குத் தாவக் கூடாதுன்னாரு. சட்டம்மா அது. நானா வச்சதில்ல.

ரெண்டு வீட்டுக்கும் பொதுச்சுவராச்சே, பக்கத்து வீட்டுக்காரங்க கையெழுத்து வேணும். உங்கம்மாகிட்டதான் போனேன். இதோ, நீ உக்காந்திருக்கியே, இதே மாதிரி எதிர்ல உக்காந்தாங்க. படிக்கவே இல்ல. கண்ணாடி எங்கியோ வச்சிட்டேன், எங்க போடணும்னு மட்டும் காட்டுடின்னு போட்டுட்டாங்க. அப்புறம் பேனாவ மூடிக்கிட்டே, அப்ப நான் காலைல உன்னை எப்படிக் கூப்பிடறதுன்னு கேட்டாங்க.

உனக்குத் தெரியாதா அது? நீ பிரிஸ்டலுக்குப் போனதுக்கப்புறம் ஆரம்பிச்சதோ என்னமோ. ஆம்பளைங்க ரெண்டு பேரும் போய்ச்சேர்ந்த பிறகு, உங்கம்மா காலைல எழுந்ததும் பரண் கதவுக்குக் கீழ வந்து நிப்பாங்க. அது என்னிக்குத்தான் சரியா மூடிச்சு? ஏய் டோரீன், உயிரோட இருக்கியான்னு கத்துவாங்க. இன்னும் இருக்கேன், உங்களுக்கு முன்னால போகமாட்டேன்னு நான் கத்துவேன். போய்த்தொலைடி, அந்த ரோஜாச்செடியாவது எனக்குக் கிடைக்கும்பாங்க. அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் கெட்டில் வைப்போம்.

போன் இருக்கே, அதுல கூப்பிடுங்கன்னேன். அந்தப் பொட்டி எனக்கு ஆகாதுன்னு உனக்கே தெரியும்னாங்க.

சுவத்துல கடைசிக் கல்லு வைக்கறப்ப கோலின் ஓட்டை வழியா, ஹில்டாம்மா, ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்கன்னு கத்தினான். கீழருந்து உங்கம்மா குரல் வருது: அவ செத்தா எனக்கு ஒரு கார்டு போடச் சொல்லு! வேலைக்காரங்கள்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்.

ஏம்மா எழுந்திருக்கற? படி ஏறுறதுக்கு முன்னாடி இதக் கேட்டுட்டுப் போ. மேல போயிட்டா என்னால சொல்ல முடியாது.

சுவரு வர்றதுக்கு முன்னாடி, கடைசிக் காலத்துல, அவங்க காலைல மட்டும்னு இல்ல, நாள் முழுக்கக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. ஜாடி மூடி திறக்கல, டிவில படம் வரல, தபால்காரன் வந்தானா, மழை வருமா. நான் குளிக்கறப்ப, ஸ்டூவர்ட்கூட பேசறப்ப, அழறப்ப. ஆமா, அவன் பாடு அப்படி ஆயிடுச்சேன்னு நான் அழுத நாளும் உண்டு. அப்பவும் டோரீன், டோரீன். வர்றேன்னு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு.

கோலின் தனியா வந்து கேட்டான். சட்டத்துக்கு இந்தச் சுவரு போதும்மா, தட்டினாலோ பலமாக் கத்தினாலோ கொஞ்சம் கேக்கத்தான் செய்யும். வேணும்னா சத்தமே வராத மாதிரி பஞ்சுப் பலகை ரெண்டு அடுக்கு வச்சித் தர்றேன், உங்க இஷ்டம்னான். வைன்னேன். யோசிக்கக்கூட இல்ல. அது என்ன கனமான பலகைன்னு உங்கம்மா கேட்டதுக்கு, கவுன்சில் சொல்லுதுன்னுட்டேன். கவுன்சிலே சொன்னா என்ன பண்றதுன்னு சரின்னுட்டாங்க.

அதுக்கப்புறம் நான் நல்லாத் தூங்கினேன் ஜூடித். காலைல அந்த அமைதில கெட்டில் கொதிக்கிற சத்தத்தக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். சாயங்காலமா ஒரு நடை போய்ப் பார்ப்பேன். மொதல்ல தினம் போனேன். அப்புறம் பிள்ளைங்க வந்துதுங்க, ஜன்னலுக்குத் திரை தைச்சேன், அது இதுன்னு போகாம விட்ட நாளும் உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை தெருவுல எல்லார் வீட்டுக் குப்பைத்தொட்டியும் வாசல்ல நிக்குது, உங்கம்மா தொட்டி மட்டும் இல்ல. அவங்க திங்கக்கிழமை சாயங்காலமே வெளிய வச்சிடுற ஆளு. எங்கிட்ட இருந்த சாவிய எடுத்துக்கிட்டு ஓடினேன். அதத்தான் நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்க, டோரீன் இல்லன்னா அம்மாவ யாரும் பார்த்திருக்கவே மாட்டாங்கன்னு.

மாடில, பரண் கதவுக்கு நேர் கீழ விழுந்து கிடந்தாங்க. ராத்திரி உடுப்புதான் போட்டிருந்தாங்க. ஞாயித்துக்கிழமையே விழுந்திருக்கணும்னு ஆம்புலன்ஸ்காரங்க சொன்னாங்க. என்னைப் பார்த்ததும் வாய் அசையுது, சத்தம் வரல. வெறும் காத்து. சளி கட்டி தொண்டை போச்சுன்னு டாக்டர் சொன்னத நீ நம்பிட்ட. நானும் தலையாட்டிட்டேன்.

அது சளியில்லம்மா. கத்திக் கத்திப் போன தொண்டை. இந்தப் பக்கம் நான் திரை தைச்சிட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரில பக்கத்துலயே இருந்தேன். சாகறவரைக்கும் உங்கம்மாவுக்குக் குரல் திரும்பி வரல.