வியாழன் மூன்று மணிக்கு இரண்டு கதிரைகள்

தலைவர் கிருபாகரன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கொட்டாஞ்சேனையிலிருந்தும் நுகேகொடையிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் உறவுகளே, துயரம் கலந்த வணக்கம். புதுக்கடை நீதிமன்றங்களில் முப்பது வருடம் வழக்குப் பேசிய சட்டத்தரணி சுபாஷினி நான். அழுது அழுது பேசுவது, நம்மை விட்டுப் போன டோரின் அக்காவுக்குப் பிடிக்காது. ஆகவே உரத்தே பேசுகிறேன்.

உளவளத்துணையாளர் டோரின் செல்லையா! பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறையில் இருபத்திரண்டு வருடம் துணையிருந்தவர். வருகிறவரிடம் அவர் கேட்ட முதற் கேள்வி என்ன? "என்ன நடந்தது?" என்பதா? இல்லவே இல்லை! "எந்தக் கதிரையில இருக்கப் போறீங்கள்?" என்பதுதான். மிச்சக் கதிரையில்தான் அவர் அமர்வார். கதவைத் திறந்து வைக்கவா, சாத்தவா என்பது இரண்டாவது கேள்வி. அதன்பிறகே வழிகளைச் சொல்வார். தனியே கதைக்கலாம், சனிக்கிழமைக் குழுவில் சேரலாம், நித்திரை வராவிட்டால் வைத்தியரைப் பார்க்கலாம், படம் கீறலாம். ஒன்றும் வேண்டாமென்றால் பிளேன்டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். விருப்பத்தைக் கேளாமல் அவர்களுக்கு நடந்த கொடுமையல்லவா அது? அதனால் எல்லாவற்றையும் கேட்டே செய்தார்.

எனக்கு இது விளங்கவில்லை. ஒரு பெண் பதினொரு வியாழக்கிழமைகள் வந்தார், ஒரு சொல்லும் பேசவில்லை. நான் பேசிய அவரது வழக்கின் தவணையோ நெருங்கியது. "அக்கா, தேத்தண்ணி குடிக்கிறதும் ஒரு வைத்தியமா?" என்று பாய்ந்தேன். "பொறும் சுபா. அவ வாறாதானே, இப்போதைக்கு அது போதும்" என்றார். பொறுத்தேனா? அக்கா இல்லாத ஒரு வியாழன், ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு நானே கேட்டேன்: "என்ன நடந்தது? திகதிவாரியாச் சொல்லுங்கோ." அந்தப் பெண் எழுந்து போனார். நான்கு மாதம் வரவில்லை.

அக்கா என்னை ஏசவில்லை. அந்த நான்கு மாதமும் வியாழன் மூன்று மணியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டு கதிரைகளைப் போட்டு, கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அப்படிக் காத்திருந்த பதினேழாவது வியாழன் அந்தப் பெண் வந்தார். மெல்ல மெல்லப் பேசினார். நான் தவணை கேட்டுத் தள்ளிவைத்த வழக்கில், தான் ஆயத்தமான பிறகு சாட்சியமும் சொன்னார்!

அப்படிப் பட்டும் எனக்குப் புத்தி வந்ததா? இன்று இந்த மண்டப வாசலில் இரங்கல் புத்தகம் வைத்தது யார்? நான்தான்! பெயர், விலாசம், அம்மையாரை எப்படித் தெரியும் என்று மூன்று நிரல்களும் கீறினேன். சற்றுமுன் ஒரு பெண் பேனையைப் பிடித்தபடி அதன்முன் எழுதாமல் நின்றார். அதே பெண். பின்னால் நாலைந்து பேர் படியிலேயே தயங்கி நின்றார்கள். அக்காவை எப்படித் தெரியுமென்று ஊர் பார்க்க அவர்களால் எழுத முடியுமா? புத்தகத்தை எடுத்து அலுமாரியில் பூட்டினேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இதையெல்லாம் மேடையில சொல்லட்டா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஓம் மிஸ், சொல்லுங்கோ. பேர் மட்டும் வேண்டாம்" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப இனி வியாழக்கிழமை?" என்றார்.

யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்! அந்தக் கேள்விக்குப் பதிலை இந்தச் சபையில் சொல்கிறேன். டோரின் அக்காவிடம் ஆறு வருடம் பயின்ற நஸ்லா அந்த அறையில் இருப்பார். அக்கா எழுதிவைத்த பழைய குறிப்புகளை உங்களைக் கேளாமல் அவரும் திறக்கமாட்டார். வேறொருவரிடம் போக விரும்பினால் வழி காட்டுவோம். கூப்பிட்டால் மட்டும் நான் வருவேன், ஃபைல் இல்லாமல்.

அக்கா, நிம்மதியாப் போயிட்டு வாங்கோ. வியாழன் மூன்று மணிக்குக் கதவு திறந்திருக்கும். இரண்டு கதிரையும் இருக்கும். எது வேணுமெண்டு அவ சொல்லட்டும்.