இருபத்து மூன்று மில்லிமீட்டர்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டை. மூன்று மில்லிமீட்டர் இருக்கும். ஒரு காகிதத்தை மடித்து அடியில் வைத்துக்கொண்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. என் பிழைப்பே அதுதான். இருபத்தாறு வருடம் ஒரே ஒரு காரின் வால் ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வருடத்துக்கு முன் எங்கள் சோதனைத் தடத்தில் ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விபத்து என்று எழுதி உங்கள் அலுவலகத்தில்தான் கோப்பை மூடினார்கள். அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகவே வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் காரிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விஷயம் பிடிபடும்.

என் வேலை காற்று. நின்றுகொண்டிருக்கும் கார்மேல் ராட்சத விசிறியால் காற்றை அடிப்போம். அது காரை எங்கே அமுக்குகிறது, எங்கே தூக்குகிறது என்று அளப்பேன். வேகமான காருக்கு இஞ்சின்தான் எல்லாம் என்று ஊரே நினைக்கிறது. இஞ்சின் காரை ஓட வைக்கும், அவ்வளவுதான். அந்த வேகத்தில் சக்கரம் நாலும் தரையில் இருக்கிறதா என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது.

எங்கள் முதல் கார் பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும். இருக்கை இரண்டு, வேகம் மணிக்கு இருநூறு. பின்பக்கம் கத்தியால் வெட்டியது போல நேராக முடியும். அழகுக்காகச் செய்ததில்லை. தகட்டை வளைக்கிற நல்ல அச்சு அன்றைக்கு எங்களிடம் கிடையாது. ஆனால் காற்றுக்கு அதுதான் பிடித்திருந்தது. கூரையோடு ஓடிவந்த காற்று அந்த முனைக்கு வந்ததும் காரை விட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். இல்லாமையால் நடந்த நல்ல காரியம்.

இரண்டாவது காரில் டர்போ வந்தது. வேகம் கூடியதால் டயரை அகலமாக்கினோம். டயர் அகலமானதால் பிரேக் பெரிதானது. பிரேக் சூடாகாமல் இருக்க முன்பக்கத்தில் துளை போட்டோம். கல்யாணமான மனிதனைப் போல அந்தக் கார் தொண்ணூறு கிலோ பெருத்தது. ஆனாலும் இருநூற்று நாற்பது போனது. வால் மட்டும் பழையபடியே நேராக வெட்டி நின்றது, ஏனென்றால் நான் ஒருவரையும் தொட விடவில்லை. பத்திரிகைக்காரர்கள் இஞ்சினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். வாலைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ஒழுங்காக இருக்கிற வாலைப் பற்றி என்ன எழுதுவது?

மூன்றாவது காருக்குப் புதிதாக ஒரு வடிவமைப்புத் தலைவர் வந்தார். மேசையில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருப்பார். கார் இப்படி இருக்க வேண்டும், தண்ணீர் தேய்த்த மாதிரி, என்பார். நாங்கள் அவருக்குக் கூழாங்கல் என்றே பெயர் வைத்துவிட்டோம். களிமண்ணில் முழு அளவுக்கு அவர் செய்து காட்டிய மாதிரி வடிவம் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கூரையிலிருந்து பம்பர் வரை வால் ஒரே வழவழப்பு. காற்று அதை விடுவதற்கு மனசில்லாமல் கடைசிவரை ஒட்டிக்கொண்டே போகும். போகிற போக்கில் வாலையும் மேலே தூக்கும். இருநூற்று ஐம்பதில் பின்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். நேர்ப்பாதையில் ஒன்றும் தெரியாது. வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் பம்பரமாகிவிடும்.

மருந்து சின்னதுதான். வாலின் முனையில் குறுக்காக ஒரு விளிம்பு. இருபத்து மூன்று மில்லிமீட்டர் உயரம், அதற்கு மேல் வேண்டாம், கீழேயும் கூடாது. அந்த எண்ணை நான் நாற்பத்தொரு முறை விசிறியைப் போட்டுக் கண்டுபிடித்தேன். கூழாங்கல்லிடம் எட்டு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். அவர் ஒரே பதில்தான் சொன்னார்.

"மூக்கு மேல மரு வெச்ச மாதிரி இருக்குங்க."

இனி ஓட்டுநரைப் பற்றி. அவர் என் தங்கையின் புருஷன். சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரைச் சோதனைப் பிரிவில் சேர்த்துவிட்டதே நான்தான். பதற்றம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர். காரில் என்ன கோளாறு என்று உட்கார்ந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். நான் இரண்டு நாள் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதை அவர் இரண்டு சுற்றில் கண்டுபிடிப்பார்.

"கம்ப்யூட்டருக்கு உட்கார்ற எடம் கிடையாது மச்சான். அதான் அதுக்குத் தெரிய மாட்டேங்குது" என்பார். நானும் சிரிப்பேன்.

வால் விவகாரம் முடியும்வரை மற்ற சோதனைகள் நிற்கக்கூடாது என்பதால் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்திருந்தோம். டிக்கியின் கடைக்கோடியில் தலா பன்னிரண்டு கிலோ ஈயத் தகடுகள் நாலு. அந்தக் கனம் இருந்தால் வால் தரையோடு இருக்கும், இருநூற்று ஐம்பது வரை ஓட்டலாம். இல்லாவிட்டால் இருநூறைத் தாண்டக்கூடாது. எடை பார்க்கும்போது தகடுகளை இறக்குவோம், ஓட்டத்துக்கு முன் ஏற்றுவோம். ஈயத்தைத் தொட்டால் கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதால் வேறு யாரும் கிட்டே வரமாட்டார்கள். நான்தான் செய்வேன். அவர் ஹெல்மெட்டும் பெல்ட்டும் மாட்டி உட்கார்ந்த பிறகு இறங்கி வந்து பார்ப்பது சாத்தியமில்லை. ஆகவே நான் டிக்கியை மூடி அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டுவேன். எடை உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு இது. எங்கள் இருவருக்குள் வைத்துக்கொண்டது.

அந்தக் காலையில் தகடுகளை ஏற்றாமல் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவர் கண்ணாடியில் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கிளம்பினார்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் கார் விற்பனைக்கு வந்தால் நாலாயிரம் பேர் வாங்குவார்கள். மழையிலும் வெயிலிலும் ஓட்டுவார்கள், பக்கத்தில் பெண்டாட்டியை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். ஒரு தடவை வால் தன் குணத்தைக் காட்டிவிட்டால், தடத்திலேயே, தேர்ந்த ஓட்டுநர் கையிலேயே காட்டிவிட்டால், கூழாங்கல் வாயை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். கார் ஒரு சுழற்று சுழன்று புல்லில் போய் நிற்கும், மாப்பிள்ளை முகம் வெளுத்து இறங்குவார், இரண்டு கெட்ட வார்த்தை சொல்வார். அவ்வளவுதான் என் கணக்கு.

டயர் சூடாக அவர் இரண்டு சுற்று மெதுவாகப் போவார். அதற்குள் நான் உள்வழியாக ஜீப்பில் பெரிய வளைவுக்குப் போய்விடுவது வழக்கம். வாலில் ஒட்டிய நூல் துண்டுகள் காற்றில் எப்படிப் படுக்கின்றன என்று அங்கிருந்து பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் நூல்கள் கடைசிவரை வாலோடு ஒட்டிப் படுத்திருந்தன. நான் எட்டு மாதமாகச் சொன்னது அப்படியே. பிறகு அவர் காலை எடுத்திருக்க வேண்டும். கார் புல்லில் நிற்கவில்லை. தடுப்புச் சுவரில் நின்றது.

ஈயத் தகடுகள் என் ஜீப்பில் இருந்தன. எங்காவது வைத்தாக வேண்டுமே. டிக்கி பிளந்து கிடந்தது. நான் முதலில் தகடுகளைக் கொண்டுபோய்ச் சுற்றுப்புறப் புல்லில் போட்டேன். ஒரு நடைக்கு இரண்டுதான் தூக்க முடிந்தது, எனக்கு முதுகுவலி உண்டு. அதன் பிறகு அவரிடம் போனேன். உயிர் இருந்தது.

"மச்சான்... எடை இருந்துச்சா?"

"இருந்துச்சு மாப்பிள்ளை. நாலும் இருந்துச்சு."

"அப்போ நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் இழுத்தார். டாக்டர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்த இடத்தில் நான் சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். கூழாங்கல் அதுவரை ஒத்துக்கொள்ளவில்லை என்பது போலச் சொல்லிவிட்டேன். அவர் ஓட்டத்துக்கு முதல் நாள் மாலையே ஒத்துக்கொண்டுவிட்டார். சுற்றறிக்கை என் மேசைக்கு வந்தது. நான் இரண்டு முறை படித்தேன். "சோதனை ஓட்டுநரின் ஆலோசனையை ஏற்று, வாலின் முனையில் இருபத்து மூன்று மில்லிமீட்டர் விளிம்பு சேர்க்கப்படுகிறது." ஆகவே அந்தக் காலை ஓட்டம் யாருக்கும் எதையும் நிரூபிப்பதற்காக இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அந்த எண் மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான்தான் சொன்னேன். தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டின் விளிம்பைக் காட்டி, காற்று இங்கே வரும், இப்படித் திரும்பும் என்று விளக்கினேன். தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"சாப்பிடற நேரத்துலகூட வாலாண்ணா? ரெண்டு பேரும் கைகாஞ்சு போய் உக்காந்திருக்கீங்க" என்றாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டு மாதம் நான் சொல்லி அசையாத கூழாங்கல், மாப்பிள்ளை ஒரு வரி எழுதியதும் அசைந்துவிட்டார். என் நாற்பத்தொரு விசிறி ஓட்டம் எங்கே போயிற்று? சுற்றறிக்கை வந்த அன்று மாலை மாப்பிள்ளை என் அறைக்கு வந்து, "ஜெயிச்சிட்டோம் மச்சான்" என்றார். ஜெயிச்சிட்டோமாம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நல்லது மாப்பிள்ளை, காலையில் பார்ப்போம் என்றேன்.

விசாரணையில் தகடுகளை எண்ணினார்கள், நாலும் இருந்தன. எடை வைத்தும் வால் தரையில் நிற்கவில்லை என்று முடிவானது. ஓட்டுநர் முன்கூட்டியே எச்சரித்ததும் சரியாகப் போயிற்று. தன் சொல் உண்மை என்று உயிரைக் கொடுத்து நிரூபித்தவர் என்று கூழாங்கல் இரங்கல் கூட்டத்தில் அழுதார். நான் முன்வரிசையில், தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் செய்த காரியத்தால் அவர் பெயர் இன்னும் ஆழமாகப் பதிந்துபோனது. இந்தக் கசப்பை நான் பதினோரு வருடமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் ஒன்றும் குறை வைக்கவில்லை. வந்த மூன்றாவது மாதம் அவருடைய பையைப் பிரித்தபோது ஒரு குறிப்பு நோட்டு கிடைத்தது. கையோடு என்னிடம் எடுத்து வந்தாள்.

"அண்ணா, பாரேன், உன்னப் பத்தித்தான் எழுதி வெச்சிருக்காரு."

கூழாங்கல்லுக்கு அனுப்பிய அறிக்கையின் நகல் அதில் இருந்தது. "வாலுக்கு விளிம்பு தேவை. இருபத்து மூன்று மி.மீ. இது என் யோசனை இல்லை, என் மச்சான் எட்டு மாதமாகச் சொல்வது. அவர் சொல்வதுதான் சரி, ஓட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்." சுற்றறிக்கை எழுதியவர் யாரோ அந்தப் பகுதியை வெட்டிவிட்டிருக்கிறார். மாப்பிள்ளை வாயைத் திறந்து அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சில விஷயங்களைச் சொல்லாமல் விடுவதும் ஒரு வகைக் கவனக்குறைவுதான்.

நோட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தங்கை திருப்பிக் கேட்டபோது தொலைந்துவிட்டது என்றேன். அவள் இரண்டு நாள் அழுதாள். பத்திரமாகத்தான் இருக்கிறது, இதோ. இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருடம் கழித்து ஏன் இன்று வந்தேன் என்று உங்கள் உதவியாளர் வாசலிலேயே கேட்டார். போன வாரம் நாலாவது தலைமுறைக் காரை அறிமுகப்படுத்தினார்கள். நானும் போயிருந்தேன், தங்கையும் வந்திருந்தாள். கார் இப்போது முந்நூறைத் தொடுகிறது. இஞ்சின் வேறு, கியர் வேறு, கண்ணாடி வேறு, உடம்பு பாதி கார்பன் இழை. முதல் காரிலிருந்து ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. வாலில் மட்டும் மூன்றாவது காரில் சேர்த்த அந்த விளிம்பு அப்படியே இருக்கிறது. அதன் கீழே சின்னதாக ஒரு பித்தளைத் தகடு பதித்து, அவர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு காரிலும் பதிப்பார்களாம். தங்கை விரலால் அந்தப் பெயரைத் தடவிக்கொண்டே நின்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

உண்மை வெளியே வர வேண்டும், அதற்குத்தான் வந்தேன். தங்கைக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அந்த மாதிரி விஷயங்கள் வராது. என்ன தண்டனை என்பதும் உங்கள் பாடு. நான் மறுக்கப்போவதில்லை.

தட்டச்சு செய்ததைக் கொடுங்கள், படித்துவிடுகிறேன். தகடுகளை ஏற்றாதது, சரி. இரண்டு முறை தட்டியது, சரி. முதல் நாளே சுற்றறிக்கையைப் படித்தது, சரி. தெரிந்தே, கொல்லும் நோக்கத்தோடு என்று நீங்களாகச் சேர்த்திருக்கிறீர்கள், இருக்கட்டும். ஆனால் இரண்டாம் பக்கத்தில் விளிம்பின் உயரம் இருபத்து இரண்டு என்று இருக்கிறது. இருபத்து மூன்று. அதை மட்டும் திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.