ஆடித் தள்ளுபடியில் இரண்டு சேலை

இருபத்தாறு வருடமாகத் திருச்செங்கோட்டில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறேன். என்னிடம் பாலிசி எடுத்தவர்கள் யாரும் இதுவரை என்னைப் பற்றி ஒரு புகார் சொன்னதில்லை. செத்துப்போனவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

போலீசிடம் கொடுக்கிற வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையே சொல்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுவது எனக்குத் தொழில். ஒரே ஒரு நிபந்தனை. என் தங்கை சௌந்திரம் என்னைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. செய்ததெல்லாம் அவளுக்காகத்தான் என்று நானே நேரில் சொல்லவேண்டும். அவளை ஒரு முறை உள்ளே அனுப்புவதாக வாக்குக் கொடுத்தால் நீங்கள் கேட்டதையும் சொல்வேன், கேட்காததையும் சொல்வேன்.

சௌந்திரம் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். கல்யாணம் பண்ணிக் கொடுத்ததும் நான்தான். மாப்பிள்ளை தமிழரசு அப்போது ரிக் வண்டி வைத்திருந்தார். எங்கள் ஊர் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்ப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கும். சொந்தத் தோட்டத்துக் கிணற்றில் மட்டும் இரண்டடித் தண்ணீர் கிடக்கும். ஐம்பது வயதில் வண்டியை விற்றுவிட்டுத் தோட்டத்தோடு வந்து உட்கார்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. பொழுது போகவேண்டுமே, ஆரோக்கியத்தில் இறங்கிவிட்டார்.

சாராயத்தில் இறங்கியிருந்தால்கூட நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். குடிகாரனைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கும். இவர் விடியற்காலையில் எழுந்து மலைக்கோயில் படி அத்தனையும் ஏறி இறங்குவார். வந்ததும் கொள்ளுக் கஞ்சி. வீட்டில் சர்க்கரை டப்பாவையே ஒழித்துவிட்டார். ஒரு நாள் சௌந்திரம் போனில் அழுதாள். காப்பியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டதற்காக மாப்பிள்ளை அவளை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் கணையத்தைப் பற்றிப் பேசினாராம்.

"இனி என்னால முடியாதுங்கண்ணா, இந்த மனுசனோட எப்புடிக் காலந்தள்றது" என்றாள்.

மறு நாள் அவளே போன் செய்து சிரித்துக்கொண்டே வேறு என்னவோ பேசினாள் என்பது உண்மைதான். ஆனால் ஓர் அண்ணனுக்கு முதல் போன்தான் காதில் நிற்கும். அவர் எண்பது தொண்ணூறு வரை தாராளமாக இருப்பார் என்று தொழில் முறையில் எனக்குத் தெரிந்தது. அத்தனை வருடம் என் தங்கை சர்க்கரை இல்லாமல் காப்பி குடிக்கவேண்டுமா? யோசித்துப் பாருங்கள்.

அவர் பேரில் நான்கு பாலிசி இருந்தது. எல்லாம் நான் போட்டதுதான், எல்லாவற்றிலும் விபத்து என்றால் இரட்டிப்பு. அதனால் முறை என்ன என்று நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மோட்டார்க் கயிறு இற்றுப்போன மாதிரி இருக்கிறது, வந்து பாருங்கள் மாப்பிள்ளை என்று கிணற்று மேட்டுக்குக் கூப்பிட்டேன். எண்பதடிக் கிணறு. சுற்றுச் சுவர் கட்டச் சொல்லி நானே பலமுறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். சௌந்திரம் பக்கத்து ஊரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள்.

மாப்பிள்ளை கயிற்றைப் பார்க்கவில்லை, என் வயிற்றைப் பார்த்தார்.

"ஏனுங்க மச்சான், நீங்க மொதல்ல சக்கரைய நிறுத்தோணும். இப்புடியே போனா அறுவதத் தாண்ட மாட்டீங்க."

எனக்கு அறுபது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதை அவரிடம் சொல்ல நேரமில்லை. அவர் குனிந்து கயிற்றைப் பிடித்தார். என் கை அவர் முதுகில் இருந்தது. நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை, மீதியைக் கிணறு பார்த்துக்கொண்டது. இரண்டு நிமிடம் நின்று, சத்தம் எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு இளநீர் குடித்தேன். அன்று வெயில் கொஞ்சம் அதிகம்.

பதினொன்றே காலுக்குப் போன் வந்தது. தோட்டத்தில் களை எடுக்கும் பொன்னாயி பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறாள். நான் பதறி அடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் போய் நின்றேன். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. நான் தப்புச் செய்தது அங்கேதான்.

உங்களுக்கு எந்த ஊர் என்று தெரியவில்லை, அதனால் விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்குப் புருஷன் செத்தால் அவள் கூடப் பிறந்தவன் புதுச் சேலை எடுத்துக்கொண்டு போய் அவள் மேல் போடவேண்டும். அதைக் கோடி என்பார்கள். அவளே செத்துப்போனாலும் பிறந்த வீட்டுக் கோடி வந்தால்தான் பிணத்தை எடுப்பார்கள். இதில் ஒரு பெரிய சங்கடம் என்னவென்றால், சாவுச் செய்தி வந்த பிறகுதான் கடைக்கு ஓடவேண்டும். முன்கூட்டி எடுத்து வைப்பது ஆகாது. கடைக்காரனுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அன்றைக்கு யாரும் பேரம் பேச மாட்டார்கள், பேசினால் அசிங்கம். ஒன்றுக்கு மூன்று விலை சொல்வான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மனைவி முத்தாயம்மாள் போனபோது அவள் தம்பி காளியப்பனைக் கடைக்காரன் அப்படித்தான் மொட்டை அடித்தான். பாவம், சாயம் போகிற சேலை வேறு. அவள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வழுக்கி விழுந்ததாக அப்போது எழுதிக் கொடுத்தேன். ஒன்பது வருடம் ஆகிறது. நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். அவளுக்கு இழுப்பு. ராத்திரியில் மூச்சுக்குத் திண்டாடுவாள், எனக்கும் தூக்கம் போகும். டாக்டர்கள் மூன்று வருடம் பார்த்தும் குணமாகவில்லை, நான் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தேன். அவள் பேரில் போட்டிருந்த பாலிசிப் பணத்தில்தான் மாடி எடுத்துக் கட்டினேன். திறப்பு விழாவுக்குக் காளியப்பனே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அதைத் திரும்பக் கிளறவேண்டுமா என்பது உங்கள் இஷ்டம்.

ஆக, அனுபவத்தில் கற்றுக்கொண்டதைத்தான் செய்தேன். ஆடி மாதக் கடைசியில் பள்ளிபாளையத்து மொத்தக் கடையில் ஒரு சேலை எடுத்தால் இன்னொன்று பாதி விலை என்று போட்டிருந்தான். எடுத்துவைத்தேன். சும்மாவா எடுத்தேன், தங்கைக்குத்தானே. போன் வந்ததும் மொபெட்டில் ஏறினவன், கோடியை அப்புறம் தனியாக வந்து எடுத்துக்கொண்டு போனால் பெட்ரோல் தண்டம் என்று நினைத்து, ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய்விட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டிக்காரர்கள் அப்போதுதான் கிணற்றுக்குள் கயிறு விட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை இன்னும் மேலே வரவே இல்லை.

யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. ஊரே என்னைப் புகழ்ந்தது. இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். சௌந்திரம் வந்து விழுந்து அழுதாள். நான் கோடி போட்டேன். வெளிர் மஞ்சள் சேலை. புருஷன் செத்தவளுக்கு வெள்ளைதான் ஆகும் என்று சொல்கிற பழைய ஆள் நான் இல்லை. இந்த விஷயத்தில் நான் முற்போக்கானவன்.

பிறகு கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் பிரவீனா. பெரிய தொகை என்றால் யாரையாவது அனுப்புவார்கள், வழக்கம்தான். மும்பையிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு டை கட்டின ஆள் வந்திருந்தால் இரண்டு இளநீர், ஒரு நாட்டுக்கோழிக் குழம்போடு முடிந்திருக்கும். வந்தவளோ எடப்பாடிக்காரி. அப்பா தறி ஓட்டுகிறவர். என் நேரம்.

அவள் கிணற்றைப் பார்த்தாள், போட்டோ எடுத்தாள், பொன்னாயியிடம் பேசினாள். பொன்னாயி என் மேல் உள்ள மரியாதையில் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"அண்ணன்னா அவராட்ட இருக்கோணுங்க அம்மிணி. மாப்ள பொணம் கெணத்துக்குள்ள கெடக்கறப்பவே தங்கச்சிக்குக் கோடிச் சீலையோட வந்துட்டாருங்க. எங்கண்ணனும் இருக்கறானே, எம்புருசன் செத்தப்ப மக்கா நாளுதான் வந்தான்."

பிரவீனா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். வேறு ஊர்க்காரி இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"ஏனுங்கண்ணா, அந்தச் சீலைய எங்கீங்க எடுத்தீங்க?"

"இங்கதானுங்க, ஊருக்குள்ள."

சௌந்திரத்திடம் கேட்டு அந்தச் சேலையை வாங்கி முந்தியை இரண்டு விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இது பள்ளிபாளையத்து மொத்தக் கடைச் சரக்குங்கண்ணா. போயிட்டு வாரதுக்கே ஒண்ணரை மணி நேரம் ஆகுமேங்க?"

"வேகமா ஓட்டுவேனுங்க" என்றேன்.

என் மொபெட்டை அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கெட்டிக்காரப் பெண். என் பையனுக்கு இப்படி ஒருத்தி அமைந்திருக்கலாம் என்று தோன்றியது, பையன்தான் எனக்கு இல்லை. மூன்றாம் நாள் பில்லோடு உங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தள்ளுபடிப் புள்ளி சேரும் என்று கடைக்காரன் கேட்டபோது நான் என் செல் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். தேதி, நேரம், சேலை இரண்டு என்று எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. மாப்பிள்ளை சாவதற்குப் பத்து நாள் முந்தைய தேதி. என்னைப் பிடித்துக் கொடுத்தது அந்தப் புள்ளிதான்.

நீங்கள் இரண்டு நாளாக அந்த இன்னொரு சேலையையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். சௌந்திரம் பேரிலும் பாலிசி இருக்கிறது. கருமாதி அன்று நாமினி மாற்றுகிற படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். முன்பு புருஷன் பேர் இருந்தது, இப்போது என் பேர். அவள் படித்துப் பார்க்கவில்லை. அண்ணன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

நாற்பத்தெட்டு வயதில் துணையில்லாத ஒரு பெண் அந்தத் தோட்டத்தில் தனியாக என்ன செய்வாள்? முதலில் அழுவாள், பிறகு சொந்தக்காரர்கள் வந்து பணத்தைப் பிடுங்குவார்கள், பிறகு நோய் வரும். என் தங்கை கஷ்டப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? தை மாதம் என்று வைத்திருந்தேன். உடனே செய்தால் கம்பெனி முகம் சுளிக்கும். புருஷன் விழுந்த இடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைக்கிறாள். அந்த மேடு வழுக்கும். இதைக் கேட்டதும் நீங்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளினீர்கள். பணத்துக்காக என்று நினைக்கிறீர்கள். பணம் எனக்கு எதற்கு? மூன்று இட்லி சாப்பிடுகிற மனிதன் நான்.

அப்புறம் வாக்குமூலத்தை நிறுத்திவிட்டு அவளை உள்ளே அனுப்பினீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள், நன்றி. வாசலில் நின்றதால் பேசியது உங்களுக்கு முழுதாகக் கேட்டிருக்காது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் உட்காரவில்லை. மெலிந்துவிட்டாள்.

"சாப்டியா சாமி?" என்று கேட்டேன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரையில் ஆரம்பித்து, அவளுக்காகத்தான் என்று பொறுமையாக விளக்கினேன். அவள் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டே கேட்டாள்.

"அந்தக் கம்பெனிப் பிள்ள சொன்னா, ரெண்டு சீலை எடுத்தீங்களாம். இன்னொண்ணு யாருக்குங்கண்ணா?"

"உனக்குத்தான் கண்ணு."

"எனக்குத்தான் போட்டுட்டீங்களே."

"அது அவருக்காகப் போட்டது சாமி. இது உனக்காகப் போடறதுக்கு."

என் தங்கையிடம் நான் பொய் சொன்னதே இல்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன நெறம்?"

"பச்சை. கிளிப்பச்சை. சின்ன வயசுல தேர்க் கடையில அதுக்குத்தானே அழுதே."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு உங்கள் லேடி கான்ஸ்டபிள் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வேகமாகப் போய்விட்டாள். நீங்கள் அதைத் தப்பாக எழுதிவிட வேண்டாம், சார். இத்தனை வருடம் கழித்தும் அண்ணன் தன் ஆசையை மறக்கவில்லையே என்று நெகிழ்ந்துபோய்விட்டாள், அவ்வளவுதான்.